நகையை அடகு வைப்பதற்கு முன் மூன்று பரிசோதனைகள்

கேள்வி: வணக்கம் டாக்டர் அம்மா. எனக்கு வயது 30, கணவருக்கு 34. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. திருப்பூரில் இருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். அவர் சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறார். எனக்கு மாதவிலக்கு 45 நாள், 60 நாள் என்று தள்ளித்தான் வரும். பிசிஓடி, அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். எடை 74 கிலோ, உயரம் 155 செ.மீ. பக்கத்து கிளினிக்கில் ஐந்து மாதம் லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தார்கள். அது மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்று செல்போனில் படித்ததும் பயந்து நிறுத்திவிட்டேன். போன மாதம் ஓர் இலவச முகாமுக்குப் போனோம். எனக்கு ஏஎம்ஹெச் (முட்டைச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.8, அவருக்கு விந்தணு எண்ணிக்கை 90 லட்சம்தான், உடனே இக்சி (விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் ஐவிஎஃப் முறை) செய்ய வேண்டும் என்கிறார்கள். 1,80,000 ரூபாய் பேக்கேஜ், மருந்து தனி. மாதக் கடைசிக்குள் பணம் கட்டினால் சலுகையாம். டெங்கு வந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடனே இன்னும் அடையவில்லை. 12 பவுன் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். மாமியார், ‘டெஸ்ட் டியூபில் பிறக்கிறது நம்ம பிள்ளையா?’ என்கிறார். ரிசல்ட் வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எங்களுக்கு ஐவிஎஃப் என்கிற இந்த டெஸ்ட் டியூப் சிகிச்சைதான் ஒரே வழியா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பேக்கேஜும் நகையும்தான் மனதில் நின்றன. இரண்டாம் முறைதான், கடன் கணக்கோடு கணக்காக நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. டெங்கு. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான தகவல் அதுதான்.

ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும். அது வெளியே வந்து சேர இன்னும் சில நாட்கள். அதாவது, உங்கள் கணவர் முகாமில் கொடுத்த மாதிரியில் இருந்த அணுக்கள் அதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பே உருவாகத் தொடங்கியவை. அந்த இடைவெளியில் கடுமையான காய்ச்சல் அடித்திருந்தால் எண்ணிக்கையும் குறையும், அசைவும் குறையும். உடம்பு தேறிய பிறகு அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். காய்ச்சல் எந்த மாதம் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கடன் இன்னும் அடையவில்லை என்பதால் சமீபத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முகாமில் யாராவது அவரிடம், ‘அண்மையில் காய்ச்சல் வந்ததா?’ என்று கேட்டார்களா? ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்றாவது கேட்டார்களா?

வேலையையும் கேட்டிருக்க வேண்டும். விரைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே, உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும் என்பதால். பாய்லர் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிற ஒருவருக்கு அந்தக் குளிர்ச்சி எங்கே கிடைக்கும்? வேலையை விடச் சொல்லவில்லை. மூன்று மாதம் வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்க முடியுமா, முடியாவிட்டால் இடையிடையே வெளிக்காற்றில் வந்து நிற்க முடியுமா என்று பாருங்கள். அப்புறம் பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை, குடி எது இருந்தாலும் இந்த மூன்று மாதமாவது அடியோடு நிறுத்தட்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது ‘பாடி ஏறும்’ என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண்மைக்கு நல்லது என்று நம்பிப் போட்டுக்கொள்ளும் அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

90 லட்சம் என்பது ஒரு மில்லி லிட்டருக்கான கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் எங்கே இருந்தார்கள் என்று பார்த்து வகுத்த எண் அது. அதற்கு மேலே இருந்தால் தேர்ச்சி, கீழே இருந்தால் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 90 லட்சம் குறைவுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து, அதுவும் காய்ச்சலுக்குப் பின் எடுத்த பரிசோதனையை வைத்து, யாரையும் இக்சி மேசைக்கு அனுப்பக் கூடாது.

ஆக, முதல் பரிசோதனை இது: காய்ச்சல் விட்டு மூன்று மாதம் முடிந்தபின் விந்துப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். அதற்கு முன் இரண்டிலிருந்து ஏழு நாள்வரை உறவு இல்லாமல் இருக்க வேண்டும். மூன்று நான்கு நாள் சரியாக இருக்கும். மாதிரியை ஆய்வகத்திலேயே கொடுப்பது நல்லது. அங்கே கூச்சமாக இருந்தால் வீட்டில் எடுத்து, டப்பியைச் சட்டையின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். பைக் டேங்க் மேல் வெயிலில் வைத்தோ ஏசி பஸ்ஸில் கொண்டுபோயோ கொடுத்தால் ரிசல்ட் தப்பாகத்தான் வரும். இன்னொன்று, முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது டப்பியில் விழாமல் வீணாகியிருந்தால் வெட்கப்படாமல் ஆய்வகத்தில் சொல்லிவிட வேண்டும். பாதிப் பேர் சொல்வதில்லை. குறைந்த எண்ணிக்கையோடு ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு மனம் உடைந்து போகிறார்கள்.

இரண்டாவது முறையும் குறைவாக வந்தால், சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர் அவரைக் கையால் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும். வேரிகோசீல் என்று விரைப்பையில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டிருக்கிறதா, ஹார்மோன் அளவுகள் என்ன என்று பார்க்க வேண்டும். குழந்தையில்லை என்று வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த வேரிகோசீல் இருக்கிறது. சிலருக்கு அதைச் சரிசெய்தாலே எண்ணிக்கை ஏறும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. நான் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் வந்தார். ஜவுளிக்கடை கட்டைப்பை நிறைய ரிப்போர்ட். அத்தனையும் அவருடையது. ஸ்கேன், ரத்தம், வேறோர் இடத்தில் செய்துகொண்ட லேப்ராஸ்கோப்பி, எல்லாம் இருந்தன. நானும் என் பங்குக்கு ஆறு மாதம் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். கணவர் ஒவ்வொரு முறையும் வெளியே டீக்கடையில் நிற்பார். ‘அவருக்கு ஒன்றும் இல்லை’ என்று அந்தப் பெண் சொன்னதை நானும் நம்பினேன். ஏழாவது மாதம்தான் அவரை உள்ளே அழைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். விந்தில் ஓர் அணுகூட இல்லை. நான் எழுதிய அத்தனை மாத்திரையும் வீண். அந்தப் பெண் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கிவிட்டு, ‘அப்போ இதெல்லாம் எதுக்கும்மா எடுத்தோம்?’ என்று கேட்டார். அன்றிலிருந்து, கணவர் உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் நான் பேனாவைத் திறப்பேன்.

சரி, இரண்டாவது பரிசோதனைக்கு வருகிறேன். நான்கு வருடத்தில் உங்கள் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று யாருமே பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. முட்டையும் விந்தணுவும் சந்திக்கும் இடமே அந்தக் குழாய்தான். ஹெச்எஸ்ஜி என்பார்கள். மாதவிலக்கு நின்றபின், அது தொடங்கிய நாளிலிருந்து எண்ணி ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், கருப்பை வாய் வழியாக மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். பத்து நிமிட வேலை. மாதவிலக்கு வலிபோல அடிவயிறு இழுக்கும், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும். முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா என்று கேளுங்கள். யாரையாவது துணைக்குக் கூட்டிப்போங்கள். நம் நாட்டில் காசநோய்க் கிருமி சத்தமில்லாமல் கருக்குழாயை அடைத்துவிடுவது உண்டு. இருமல், சளி எதுவும் இருக்காது. அதனால்தான் இந்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது என்கிறேன். இரண்டு குழாயும் அடைத்திருந்தால் நான் முதல் ஆளாக ஐவிஎஃப் போங்கள் என்பேன், மாத்திரையில் ஒரு மாதத்தைக்கூட வீணாக்க வேண்டாம் என்பேன்.

மூன்றாவது, முட்டை வளர்ச்சி ஸ்கேன். ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டீர்களே, எந்த மாதமாவது முட்டை வளர்ந்து வெடித்ததா என்று ஸ்கேன் பார்த்தார்களா? அதைப் பற்றியும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பார்க்காமல் கொடுத்திருந்தால் அந்த ஐந்து மாதத்தை ‘சிகிச்சை பலிக்கவில்லை’ என்று கணக்கில் எழுத முடியாது, சிகிச்சை சரியாக நடக்கவே இல்லை என்றுதான் எழுத வேண்டும். முறையாகச் செய்தால் மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் மாத்திரை. பத்து, பதினொன்றாம் நாளில் ஸ்கேன். முட்டைப்பை 18 மி.மீ. அளவுக்கு வளர்ந்தால் வெடிக்க ஊசி போடுவார்கள். ஊசி போட்டு சுமார் ஒன்றரை நாளில் முட்டை வெளியே வரும். எந்த நாளில் சேர வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். 2.5 மில்லி கிராமில் வளரவில்லை என்றால் அடுத்த முறை 5, அதற்கடுத்து 7.5 என்று கூட்டுவார்கள்.

அந்த மாத்திரையைப் பற்றிய பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, வாரம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்து என்பது உண்மை. அது புற்றுநோயை உண்டாக்கும் மருந்து அல்ல, அதற்கு எதிராகக் கொடுக்கப்படும் மருந்து. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் கொஞ்ச நாள் குறைக்கும். உடனே மூளை, ‘ஈஸ்ட்ரோஜன் போதவில்லை, முட்டையை வளர்’ என்று சுரப்பிக்கு உத்தரவு போடும். அதைத்தான் நாங்கள் பயன்படுத்திக்கொள்கிறோம். 2011-இல் இந்திய அரசு குழந்தையின்மைச் சிகிச்சைக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது, 2017-இல் அந்தத் தடையை நீக்கியது. பழைய செய்திகள் இன்னும் செல்போனில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இடையில் 2014-இல் அமெரிக்காவில் பிசிஓடி உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் பழைய குளோமிஃபின் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இன்று உலகம் முழுக்க பிசிஓடிக்கு முதலில் கொடுக்கும் மாத்திரை இதுதான். மருத்துவர் கண்காணிப்பில் தைரியமாகச் சாப்பிடலாம்.

ஏஎம்ஹெச் 6.8 என்றதும் பயந்திருப்பீர்கள். பயப்பட அதில் ஒன்றும் இல்லை. பிசிஓடியில் சின்னச் சின்ன முட்டைப்பைகள் நிறைய இருக்கும், அதனால் இந்த எண் கூடுதலாகத்தான் வரும். சேமிப்பு நிறைய இருக்கிறது, மாதாமாதம் ஒன்று முதிர்ந்து வெளியே வராததுதான் சிக்கல். அதைச் சரிசெய்ய மாத்திரையும் எடைக் குறைப்பும் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

எடை பற்றிச் சொன்னால் பெண்கள் முகம் வாடிப்போவார்கள், வீட்டில் ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பார்கள். ஆகவே ஒரே ஒரு கணக்கு. 74 கிலோவில் ஐந்து சதவீதம் நான்கு கிலோகூட இல்லை. அந்த அளவு குறைந்ததும் மாதவிலக்கு தானாக ஒழுங்குக்கு வந்த பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கம்பெனியில் நான்கு வேளை சர்க்கரை போட்ட டீயும் பேக்கரி பன்னும் வருமே, அதில் கை வையுங்கள். டீயில் சர்க்கரை வேண்டாம், பன்னுக்குப் பதில் ஒரு டப்பா சுண்டல் கொண்டு போங்கள். நாள்தோறும் அரை மணி வேகமாக நடங்கள். அதோடு தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இன்றைக்கே தொடங்கலாம். கர்ப்பம் தரித்தபிறகு தொடங்குவது தாமதம்.

இந்த மூன்று பரிசோதனையும் முடிந்தபின் என்ன? குழாய் திறந்திருந்து, எண்ணிக்கையும் ஏறியிருந்தால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஐந்தாறு மாதம் மாத்திரை. எண்ணிக்கை கொஞ்சம் குறைவாகவே நின்றால் ஐயூஐ. விந்தைக் கழுவி, நன்றாக நீந்தும் அணுக்களை மட்டும் பிரித்து, முட்டை வெடிக்கும் நேரத்தில் கருப்பைக்குள் செலுத்துவது. ஒரு முறைக்கு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குப் பலிக்கும். மூன்று நான்கு முறைக்கு மேல் அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம். அதற்கும் மேல்தான் ஐவிஎஃப். கழுவியபிறகும் மிகக் குறைவான அணுக்களே தேறினால் இக்சி. முகாமில் சொன்னது கடைசியில் உண்மையாகவே ஆகலாம். ‘உடனே’ என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. உங்களுக்கு 38 வயதாக இருந்தால் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன். 30 வயதில் மூன்று மாதம் பொறுப்பதால் உங்கள் முட்டைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஐவிஎஃப் போக நேர்ந்தால், என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். பத்து நாள் போல தினமும் வயிற்றில் ஊசி, இடையிடையே ஸ்கேன். பிறகு மயக்கம் கொடுத்து, ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். இக்சியில் ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் செலுத்துவார்கள். எண்ணிக்கை எப்படிக் குறையும் என்பதை யாரும் முன்னால் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். 12 முட்டை எடுத்தால் ஒன்பது பத்துதான் முதிர்ந்திருக்கும். அதில் ஆறேழு கருவுறும். ஐந்தாம் நாள்வரை நன்றாக வளர்வது மூன்று இருக்கலாம். ‘12 எடுத்தார்களே, மூன்றுதானா?’ என்று பெண்கள் அழுவார்கள். அது யாருடைய தவறும் இல்லை, இயற்கையிலும் அப்படித்தான். ஒரு கருவை உள்ளே வைத்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. அந்த இரண்டு வாரமும் கட்டிலை விட்டு இறங்காமல் கிடக்க வேண்டியதில்லை, எழுந்து நடமாடினால் கரு கீழே விழுந்துவிடாது.

பலன் எவ்வளவு என்றால், இங்கிலாந்தில் இதற்கென ஓர் ஒழுங்குமுறை அமைப்பு எல்லா மையங்களின் முடிவுகளையும் சேர்த்து வெளியிடுகிறது. அங்கே 35 வயதுக்குக் கீழே உள்ள பெண்களுக்கு, உள்ளே வைக்கும் கருக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று குழந்தையாகப் பிறக்கிறது. 43, 44 வயதில் அது இருபதில் ஒன்று. ஆகவே ‘நூறு சதவீதம் உறுதி’ என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்கு ஓர் எச்சரிக்கை தனியாக. பிசிஓடி உள்ளவர்களுக்கு இந்த ஊசிகளால் முட்டைகள் அளவுக்கு மீறி வளர்ந்து, வயிறு உப்பி, வயிற்றில் நீர் கோர்த்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். சிலருக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகும். தடுக்க நல்ல வழிகள் உள்ளன. ஊசியின் அளவைக் குறைத்துத் தொடங்குவது, வெடிக்க வைக்கும் ஊசியை மாற்றுவது, அந்த மாதமே கருவை உள்ளே வைக்காமல் உறைய வைத்து அடுத்த மாதம் வைப்பது. ‘எனக்கு பிசிஓடி இருக்கிறதே, இதற்கு என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற இடத்தில்தான் சிகிச்சை எடுக்க வேண்டும்.

பேக்கேஜ் விஷயம். 1,80,000 ரூபாயில் எது அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். ‘மருந்து தனி’ என்கிற அந்த இரண்டு சொல்லுக்குள்தான் பெரிய தொகை ஒளிந்திருக்கிறது. கருவை உறைய வைக்க, வருடாந்திரம் பாதுகாக்க, அடுத்த மாதம் உள்ளே வைக்க எவ்வளவு, முட்டையே வளராமல் பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும், எல்லாவற்றையும் கேளுங்கள். நடுவில் சில கூடுதல் சேவைகளும் முளைக்கும். கருப்பையின் உள்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்பார்கள். 2019-இல் 1,364 பெண்களிடம் நடந்த ஆய்வில், சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் ஒரே மாதிரி நூற்றுக்கு 26 பேருக்குத்தான் குழந்தை பிறந்தது. இரண்டு கரு வைத்தால் பலன் இரட்டிப்பு என்றும் சொல்வார்கள். இரட்டைப் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறக்கும் வாய்ப்பு அதிகம், அந்தக் குழந்தைகளோடு இன்குபேட்டர் வார்டில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்தால் அந்த ஆசை வராது. உங்கள் வயதுக்கு ஒன்று போதும். அப்புறம், மாதக் கடைசியோடு முடிகிற சலுகை புடவைக்குச் சரி. கருப்பைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது.

மருத்துவமனைச் சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாத மையம் இந்தச் சிகிச்சையைச் செய்யக் கூடாது. இருவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பது குற்றம். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்கியிருக்கிறார்கள், கடைசியில் தேவைப்பட்டால் அங்கும் விசாரியுங்கள். இப்போதைக்கு, நான் சொன்ன மூன்று பரிசோதனைக்கு திருப்பூர் அல்லது கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவிலேயே கேட்டுப்பாருங்கள். 12 பவுன் பீரோவிலேயே இருக்கட்டும்.

இனி உங்கள் மாமியார் கேள்வி. அவர் கேட்டது எனக்குத் தவறாகப் படவில்லை. புரியாததைப் பார்த்துப் பயப்படுகிறார், அவ்வளவுதான். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: குழந்தை டியூபில் வளர்வதில்லை. என் முட்டையும் உங்கள் பிள்ளையின் அணுவும் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில், உடம்பின் சூடான 37 டிகிரியில் வைத்த பெட்டிக்குள் சேர்கின்றன. தட்டில் இருவர் பெயரும் எண்ணும் எழுதியிருக்கும், அதை ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். மிஞ்சிப்போனால் ஐந்தாறு நாள் அங்கே இருக்கும். மீதி மாதமெல்லாம் என் வயிற்றில்தான்.

முதன்முதலில் இப்படிப் பிறந்த லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். 2006-இல் அவருக்கு இயற்கையாகவே கருத்தரித்து மகன் பிறந்தான். அதே 1978-இல், அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் துர்கா என்ற பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயா பெரிய வசதி எதுவும் இல்லாமல் அதைச் சாதித்துக் காட்டினார். அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை, ஏளனம் செய்தது. 1981-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் குறிப்பேடுகளைப் படித்து, அவர் சொன்னது உண்மை என்று மற்றவர்கள் எழுதியது அவர் போய்ப் பல வருடம் கழித்துத்தான். இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். இன்று உலகெங்கும் இந்த முறையில் பிறந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். பள்ளிக்கூடத்தில் உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கிறவர்களிலும் இருக்கிறார்கள், பார்த்தால் தெரியாது.

மாமியார் திருக்கருகாவூர் போய் நெய் வாங்கி வரலாம் என்றால் சந்தோஷமாகப் போய் வாருங்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு மாத்திரையையும் தொடருங்கள். பெயர் எழுதாத பொட்டலத்தில் யாராவது தரும் சூரணத்தை மட்டும் வாங்காதீர்கள்.

கடைசியாக உங்கள் கணவர். கல்யாண வீட்டில், தெருவில், ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று நான்கு வருடமாக உங்களைக் கேட்டார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு பழகிவிட்டீர்கள். அவரை இதுவரை யாரும் கேட்கவில்லை. முதன்முதலாக ஒரு காகிதம் அவரைக் கேட்டுவிட்டது, அதைத் தாங்க அவருக்குப் பழக்கம் இல்லை. பேசாமல் இருப்பது கோபத்தால் இல்லை, வெட்கத்தால் என்றே நினைக்கிறேன். ‘உங்களுக்குக் குறை’ என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே வேண்டாம். வீட்டில் மற்றவர்களுக்கும் அந்த எண் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பதிலின் முதல் பகுதியை, டெங்குவையும் பாய்லரையும் பற்றி எழுதியதை மட்டும், இரவு சாப்பாடு முடிந்தபின் அவரிடம் படிக்கக் கொடுங்கள். மறுபரிசோதனைக்கு எந்தத் தேதியில் போகலாம் என்று அவரே நாள்காட்டியில் எண்ணிப் பார்க்கட்டும்.

உங்களுக்கு அடுத்த மாதவிலக்கு வந்த இரண்டாம் நாள் மகளிர் மருத்துவரிடம் போங்கள். 45 நாள் தாண்டியும் வரவில்லை என்றால், கர்ப்பம் இல்லை என்று சிறுநீர்ப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு, வர வைக்க மாத்திரை கேளுங்கள். இதுவரை எடுத்த ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். டெங்குவுக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை மேலே வையுங்கள், அதில் காய்ச்சல் தேதி இருக்கும். மருத்துவர் அறைக்குள் இரண்டு நாற்காலி போட்டிருப்பார்கள். இரண்டாவது நாற்காலியில் உங்கள் கணவர் உட்காரட்டும்.